தொட்டிற் பழக்கம் எதுவரை? வயதும் ஆளுமையும் பற்றி நீண்டகால ஆய்வுகள் கூறுவன

'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்', 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பன நம்மவர் நாவில் அன்றாடம் புழங்கும் பழமொழிகள். மனிதனின் குணம் சிறு வயதிலேயே உருவாகிவிடுகின்றது, பின்னர் அது மாறுவதில்லை என்பதே இவற்றின் உட்பொருள். இந்நம்பிக்கை வெறும் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. திருமணப் பேச்சின்போது மாப்பிள்ளையின் பாடசாலைக் கால நடத்தை விசாரிக்கப்படுகின்றது. வகுப்பில் குழப்படிகாரன் எனப் பெயரெடுத்த சிறுவனை அப்பெயர் ஊரைவிட்டுப் போகும்வரை துரத்துகின்றது. சிறை சென்று மீண்ட இளைஞனுக்கு வேலை கொடுக்கப் பலரும் தயங்குகின்றனர். மறுபுறத்தில், எழுபது வயதுத் தகப்பனார் திடீரெனச் சினந்து விழத் தொடங்கினால், 'வயது போனால் அப்படித்தான்' என்று குடும்பம் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றது. அதாவது, இளமையில் அமைந்த குணம் மாறாது என்றும், முதுமையில் குணம் மாறுவது இயல்பே என்றும் நாம் ஒரே வேளையில் நம்பிக்கொண்டிருக்கின்றோம். கடந்த சில தசாப்தங்களில் வெளிவந்த ஆய்வுகளை நோக்கினால், இவ்விரு நம்பிக்கைகளும் ஏறக்குறையத் தலைகீழாக இருப்பது புலனாகும்.

மேற்குலகிலும் நெடுங்காலமாக இதே எண்ணமே நிலவிவந்தது. அமெரிக்க உளவியலின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் ஜேம்ஸ், 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில், பெரும்பாலானோரின் குணவியல்பு முப்பது வயதளவில் சாந்து இறுகுவதைப் போல் இறுகிவிடுகின்றது என்ற கருத்தை முன்வைத்தார். அதன் பின்னர் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு அக்கருத்து செல்வாக்குடன் விளங்கியது. 1958 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் ஆரம்பிக்கப்பட்ட முதுமை பற்றிய தொடராய்வின் தரவுகளை ஆராய்ந்த போல் கொஸ்டா, ரொபர்ட் மெக்ரே ஆகிய இருவரும்கூட முப்பதின் பின்னர் ஆளுமையில் பெரிய மாற்றம் நிகழ்வதில்லை என்றே வாதிட்டு வந்தனர்.

இதனைச் சோதித்துப் பார்ப்பது இலகுவான காரியமன்று. இன்றைய இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. அவர்களிடையே காணப்படும் வேறுபாடு வயதினால் வந்ததா, அன்றி அவர்கள் வளர்ந்த காலத்தினால் வந்ததா என்பதைப் பிரித்தறிய முடியாது. ஒரே மனிதரைச் சிறு வயதிலும் முதுமையிலும் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஓர் ஆய்வாளரின் ஆயுள் போதாது. முன்னோர் எவரேனும் அளந்து, எழுதி, அத்தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தாலன்றி இது கைகூடாது.

ஸ்கொட்லாந்தில் அப்படியொரு வாய்ப்பு அமைந்தது. 1932 ஆம் ஆண்டில், 1921 இல் பிறந்து பாடசாலையில் கற்றுக்கொண்டிருந்த ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் நுண்ணறிவுச் சோதனையொன்று நடத்தப்பட்டது. எண்பத்தேழாயிரத்துக்கும் அதிகமானோர் அதற்குத் தோற்றினர். 1947 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் திகதி, 1936 இல் பிறந்தவர்களுக்கு அதே சோதனை மீண்டும் நடத்தப்பட்டது. இம்முறை தோற்றியவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஒரு தேசத்தின் ஒரு வயதுப் பிள்ளைகள் அனைவரையும் இவ்வாறு அளந்த வேறொரு நாட்டைக் காண்பது அரிது. பின்னர் அப்பதிவேடுகள் எடின்பரோ நகரிலுள்ள கல்வி ஆராய்ச்சிப் பேரவையின் கட்டடத்தில் பல தசாப்தங்களாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1990 களின் பிற்பகுதியில் இயன் டியரி, லோரன்ஸ் வொலி ஆகிய இரு ஆய்வாளர்கள் அவற்றின் பெறுமதியை உணர்ந்து மீட்டெடுத்தனர்.

1947 ஆம் ஆண்டுச் சோதனைக்குத் தோற்றியவர்களில், 1936 ஆம் ஆண்டின் இரட்டை எண் மாதங்களின் முதலாம் திகதிகளில், அதாவது பெப்ரவரி 1, ஏப்ரல் 1 என ஆறு நாட்களில் பிறந்த 1,208 பிள்ளைகள் மேலதிக ஆய்வுக்காகத் தெரிவு செய்யப்பட்டிருந்தனர். 1950 இல், அவர்களுக்குப் பதினான்கு வயதானபோது, ஆசிரியர்களிடம் அப்பிள்ளைகளின் ஆறு குணங்களைப் பற்றி மதிப்பீடு கேட்கப்பட்டது. தன்னம்பிக்கை, விடாமுயற்சி, மனநிலையின் உறுதி, கடமையுணர்வு, சுயசிந்தனை, கற்கும் ஆர்வம் என்பனவே அவை. நமது பாடசாலைகளில் அதிபர் வழங்கும் நற்சான்றிதழில் இடம்பெறும் சொற்களிலிருந்து இவை வெகுதூரத்தில் இல்லை.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்த பின்னர், 2012 ஆம் ஆண்டில், அப்பிள்ளைகளைத் தேடும் பணி ஆரம்பமாயிற்று. அப்போது அவர்கள் எழுபத்தேழு வயதை அண்மித்த முதியவர்கள். 635 பேர் இருக்குமிடம் அறியப்பட்டது. அவர்களுள் 174 பேர் பங்குகொள்ள இணங்கினர். ஒவ்வொருவரும் அதே ஆறு குணங்களிலும் தம்மைத் தாமே மதிப்பிட்டனர். அவரை நன்கறிந்த உறவினரோ நண்பரோ ஒருவரும் மதிப்பிட்டார். 2016 இல் வெளியான பெறுபேறு ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது எனலாம். பதினான்கு வயது மதிப்பீட்டுக்கும் முதுமைக்கால மதிப்பீட்டுக்கும் இடையே, ஆறு குணங்களில் ஒன்றிலேனும் குறிப்பிடத்தக்க நேரடித் தொடர்பு காணப்படவில்லை. ஆசிரியர் விடாமுயற்சியுடையவன் என எழுதிய சிறுவனும், சோம்பேறி என எழுதிய சிறுவனும் எழுபத்தேழாவது வயதில் எந்த இடத்தில் நிற்பர் என்பதை அந்த ஏட்டைக் கொண்டு சொல்லக்கூடியதாக இருக்கவில்லை.

இதனை மிகைப்படுத்திக் கூறுவதும் தவறாகும். முதலில் மதிப்பிட்டவர் ஆசிரியர். பின்னர் மதிப்பிட்டவர் தாமும் உறவினரும். வெவ்வேறு கண்கள் வெவ்வேறாகவே காணும். வகுப்பறையில் ஆசிரியர் காணும் பிள்ளையும் வீட்டில் தாய் காணும் பிள்ளையும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குச் சென்ற எவரும் அறிவர். மதிப்பீட்டாளர் வேறுபாட்டைக் கணக்கிலெடுத்து நுட்பமான முறையில் மீண்டும் ஆராய்ந்தபோது, மனநிலையின் உறுதி என்ற ஒரு குணத்தில் மட்டும் அறுபத்து மூன்று ஆண்டுகளைக் கடந்த தொடர்பு தென்பட்டது. கடமையுணர்விலும் அதன் சாயல் சிறிது இருந்தது. அத்துடன், 1,208 பேரில் எழுபத்தேழு வயதுவரை வாழ்ந்து, விருப்பத்துடன் படிவம் நிரப்பி அனுப்பிய 174 பேர் ஏனையோரை முழுமையாகப் பிரதிநிதித்துவம் செய்வர் என்றும் கூற முடியாது.

அமெரிக்காவில் கிடைத்த மற்றொரு சான்று இதற்குத் துணைபுரிகின்றது. 1960 ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் ஏறக்குறைய 440,000 பேரிடம் விரிவான ஆய்வொன்று நடத்தப்பட்டது. ஐம்பது ஆண்டுகளின் பின்னர் அவர்களுள் ஒரு பகுதியினரிடம் அதே ஆளுமை வினாக்கள் மீண்டும் கேட்கப்பட்டன. இங்கு இரு தடவையும் விடையளித்தவர்கள் அவர்களே. 1,795 பேரின் விடைகளை ஒப்பிட்டபோது, இணைபுக் குணகம் சராசரியாக 0.31 என்று வந்தது. ஒன்று எனில் வரிசை அப்படியே நிலைத்திருக்கின்றது. பூச்சியம் எனில் தொடர்பே இல்லை. இவ்வெண்ணைச் சாதாரண மொழியில் இவ்வாறு விளக்கலாம். பள்ளிப் பருவத்தில் இருவருள் கூடிய பொறுப்புணர்வு கொண்டிருந்தவரே அறுபத்தாறாவது வயதிலும் மற்றவரை விஞ்சி நிற்பார் என்று நூறு சோடிகளைப் பற்றி ஊகித்தால், ஏறக்குறைய 60 சோடிகளில் ஊகம் பலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கூறினாலே 50 இல் பலிக்கும். தொட்டிற் பழக்கத்தின் தடம் முற்றாக அழியவில்லை, ஆயினும் அது மிக மெலிந்த தடமே.

இவ்விடத்தில் வாசகருக்கு ஒரு குழப்பம் எழக்கூடும். நாம் அறிந்த மனிதர்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளாக அப்படியே தானே இருக்கின்றார்கள்? அதுவும் உண்மையே. 'மாறுகின்றதா' என்ற ஒரு சொல்லுக்குள் இரு வேறு வினாக்கள் ஒளிந்திருக்கின்றன. பாடசாலைக் காலைக்கூட்டத்தில் உயரத்தின்படி வரிசையாக நிற்கும் மாணவர்களை எண்ணிப் பாருங்கள். ஓராண்டில் அனைவரும் வளர்ந்துவிடுவர். ஆனால் வரிசை பெரும்பாலும் மாறியிராது. வரிசை குலைகின்றதா என்பது ஒரு வினா. எல்லோரும் சேர்ந்து ஒரு திசையில் நகர்கின்றார்களா என்பது மற்றொரு வினா.

வரிசை பற்றிய வினாவுக்கு, பிரென்ட் ரொபர்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவரும் 2000 ஆம் ஆண்டில் விடையளித்தனர். அதுவரை வெளிவந்திருந்த 152 தொடராய்வுகளை அவர்கள் ஒன்றுதிரட்டி நோக்கினர். ஏறக்குறைய ஏழாண்டு இடைவெளியில் அளந்தால், குழந்தைப் பருவத்தில் இணைபுக் குணகம் 0.31 ஆகவும், பல்கலைக்கழக வயதில் 0.54 ஆகவும், முப்பது வயதளவில் 0.64 ஆகவும், ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் 0.74 ஆகவும் அமைந்திருந்தது. முன்னர் கூறிய சோடிக் கணக்கின்படி 0.74 எனில் நூற்றுக்கு ஏறத்தாழ 76 சோடிகளில் ஊகம் பலிக்கும். குணம் மிகவும் நெகிழ்ந்திருப்பது இளமையில். மிகவும் உறுதியாக நிற்பது நடுவயதுக்குப் பின்னர். ஜேம்ஸ் கூறிய சாந்து இறுகத்தான் செய்கின்றது, ஆனால் முப்பதில் இறுகி முடிவதில்லை. ஏழாண்டுகளில் சிறிதளவே தெரியும் நகர்வு ஐம்பது, அறுபது ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பழைய வரிசையைக் கலைத்துவிடுகின்றது.

இரண்டாவது வினாவுக்கு வருமுன், ஆளுமையை எவ்வாறு அளக்கின்றனர் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1936 இல் கோர்டன் ஆல்போர்ட்டும் அவரது துணைவரும் ஆங்கில அகராதியில் மனித இயல்பைக் குறிக்கும் சொற்களைத் திரட்டியபோது ஏறக்குறைய 18,000 சொற்கள் கிடைத்தன. அவற்றைச் சலித்தும் தொகுத்தும் வந்த பின்னோர் ஐந்து பெரும் பண்புகளில் வந்து நின்றனர். கடமையுணர்வு, பிறருடன் இணங்கிப் போதல், கலகலப்பு, புதியன நாடும் மனம், மனத்தளம்பல் என அவற்றைத் தமிழில் கூறலாம்.

2006 ஆம் ஆண்டில் அதே ரொபர்ட்ஸ் குழுவினர் 92 தொடராய்வுகளைத் தொகுத்தபோது, வயது ஏற ஏற மனிதர் பொதுவாக ஒரே திசையில் நகர்வது தெரியவந்தது. கடமையுணர்வு கூடுகின்றது, மனத்தளம்பல் குறைகின்றது, இணங்கிப் போகும் தன்மை பிற்பகுதியில் உயர்கின்றது. இம்மாற்றத்தின் பெரும்பகுதி நிகழ்வது குழந்தைப் பருவத்திலன்று, இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில் என்பதே இங்கு முக்கியமானது. 21 முதல் 60 வயதுவரையான 132,515 பேரிடம் இணையவழியாகச் சேகரித்து 2003 இல் வெளியிடப்பட்ட ஆய்வும், முப்பதுக்குப் பின்னர் மாற்றம் ஓய்ந்துவிடுவதில்லை என்பதையே காட்டியது. ஐந்தில் வளையாதது ஐந்தில் வளையாவிட்டாலும் இருபத்தைந்தில் கணிசமாக வளைகின்றது.

ஏன் இவ்வாறு? இரட்டைப் பிள்ளைகள் பற்றிய ஆய்வுகளின்படி, மனிதரிடையே காணப்படும் ஆளுமை வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையலகுகளுடன் தொடர்புடையது. எஞ்சியது வாழ்க்கையின் பங்கு. தொழில், அதனோடு வரும் நேரக் கட்டுப்பாடு, பிறருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு ஆகியன மனிதனை மெல்ல மெல்ல வனைகின்றன. 62 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2013 இல் வெளியான ஆய்வொன்று, இளைஞர் விரைவாகத் தொழிலுக்குள் நுழையும் நாடுகளில் இம்முதிர்ச்சியும் முன்கூட்டியே வருவதைச் சுட்டியது. வாழ்க்கை எப்போதும் நல்ல திசையிலேயே வனையும் என்பதுமில்லை. ஜேர்மனியில் கட்டாய இராணுவ சேவை நடைமுறையிலிருந்த காலத்தில், அப்பயிற்சி பெற்ற இளைஞரையும் அதற்குப் பதிலாகப் பொதுப்பணி செய்தவரையும் ஒப்பிட்ட ஆய்வு 2012 இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களிடம் பிறருடன் இணங்கும் தன்மை குறைவாகக் காணப்பட்டது. ஐந்தாண்டுகளின் பின்னரும் அவ்வேறுபாடு மறையவில்லை. அவர்கள் போர்முனையைக் கண்டவர்களல்லர், பயிற்சி மட்டுமே பெற்றவர்கள். 2009 வரை மூன்று தசாப்தப் போரைக் கண்ட நம் நாட்டில் இதனை வாசிப்போர் மனத்தில் எழும் எண்ணங்களை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்வறிவு நீதிமன்றம்வரை சென்றிருக்கின்றது. 2005 ஆம் ஆண்டு மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவின் உயர்நீதிமன்றம், பதினெட்டு வயதுக்கு முன்னர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை விதிப்பது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. இளம் பராயத்தினரின் குணவியல்பு வளர்ந்தோரினதைப் போல் முழுமையாக உருவாகியிருப்பதில்லை என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. இலங்கையிலும் குற்றப்பொறுப்புக்கான ஆகக்குறைந்த வயது, 2018 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தினால் எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. எட்டு வயதுப் பிள்ளையைக் குற்றவாளியாகக் கருதக்கூடிய சட்டம் அதுவரை நீடித்திருந்தது என்பதே வியப்புக்குரியது. சட்டம் நகர்ந்த அளவுக்கு நமது பாடசாலைகளும் தொழில் வழங்குவோரும் நகர்ந்திருக்கின்றனரா என்பது வேறு விடயம். பதினைந்து வயதில் ஓர் ஆசிரியர் எழுதிய குறிப்பை வைத்து முப்பது வயது மனிதனை எடைபோடுவதற்கு ஸ்கொட்லாந்துப் பதிவேடுகள் எவ்வகையிலும் துணைசெய்யவில்லை.

மனிதன் தன்னைப் பற்றியும் இதே தவறான கணிப்பையே செய்கின்றான். பதினெட்டு முதல் அறுபத்தெட்டு வயதுவரையான 19,000 இற்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2013 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கடந்த பத்தாண்டுகளில் தாம் வெகுவாக மாறிவிட்டதாக எல்லா வயதினரும் கூறினர். ஆனால் வரும் பத்தாண்டுகளில் எவ்வளவு மாறுவீர்கள் எனக் கேட்கப்பட்டோர் கூறியதோ மிகச் சொற்பம்.

இனி முதுமைக்கு வருவோம். வயது சென்றவர்கள் பிடிவாதக்காரராகவும் கோபக்காரராகவும் மாறிவிடுவர் என்ற பொதுக்கருத்துக்கு ஆய்வுகளில் ஆதரவு குறைவு. புதியன நாடும் மனம் சற்றுத் தளர்வது உண்மையே. நட்பு வட்டமும் சுருங்குகின்றது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் லோரா கார்ஸ்டென்சன் இதனைக் குறைபாடாகக் கருதவில்லை. எஞ்சியிருக்கும் காலம் குறுகியது என்பதை உணர்ந்தோர், மனத்துக்கு நெருக்கமானவர்களை மட்டும் தம்முடன் வைத்துக்கொள்கின்றனர் என்பது அவரது விளக்கம். மொத்தத்தில், அறுபது, எழுபது வயதுகளில் குணம் சடுதியாகத் தடம்புரள்வதை வயதின் இயல்பான விளைவு எனக் கொள்ள இடமில்லை.

ஆகவேதான் அவ்வாறு நிகழும்போது அது கவனத்துக்குரியதாகின்றது. குணம் மூளையில் தங்கியிருக்கின்றது என்பதை உலகுக்கு உணர்த்திய பெயர் பினியஸ் கேஜ். 1848 செப்டெம்பரில் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ரயில் பாதை அமைக்கும் வேலையில் ஈடுபட்டிருந்த இந்த இருபத்தைந்து வயது மேற்பார்வையாளரின் கன்னத்தினூடாகப் புகுந்த இரும்புக்கோல் உச்சந்தலையைத் துளைத்து வெளியேறியது. அவர் பிழைத்தார், ஆனால் பொறுப்பும் நிதானமும் மிக்கவராக இருந்தவர் முரடராகவும் நிலையற்றவராகவும் மாறிவிட்டதாக அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் ஹார்லோ எழுதினார். பின்னாளில் கேஜ் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பது பலரும் சொல்லாமல் விடும் பகுதி. அவர் ஓரளவு மீண்டும் தேறியிருக்க வேண்டும் என்பதற்கு அது சான்றாகும்.

இரும்புக்கோல் இன்றியும் அதே பகுதி சிதைவுறலாம். மூளையின் முன்புறமும் பக்கப்புறமும் தேய்வடையும் ஒருவகை டிமென்ஷியா உண்டு. பிராக் நகரில் பணியாற்றிய ஆர்னோல்ட் பிக் 1892 இல் இதனை முதன்முதலில் விவரித்தார். இது பெரும்பாலும் நாற்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் ஆரம்பிக்கின்றது. நாம் டிமென்ஷியாவை மறதி நோய் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். இங்கு அப்பெயர் பொருந்தாது. ஏனெனில் ஆரம்பத்தில் ஞாபகசக்தி பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. குணமே முதலில் மாறுகின்றது. கண்ணியமாகப் பேசியவர் சபையில் தகாத வார்த்தை பேசுகின்றார். சிக்கனக்காரர் கண்டபடி செலவு செய்கின்றார். பேரப்பிள்ளை விழுந்து அழுதாலும் முகத்தில் சலனமில்லை. இனிப்புக்கு அளவு கடந்த ஆசை உண்டாகின்றது. இவற்றைக் காணும் குடும்பத்தினர் கணவன் மனைவி பிணக்கு என்றோ, மருமகள் மீதுள்ள வெறுப்பு என்றோ, சில வேளைகளில் செய்வினை என்றோ விளக்கம் தேடுவதில் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இந்நோயை மாற்றும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் இதனை ஒத்த மாற்றங்களை உண்டாக்கும் வேறு பல நிலைகள் குணப்படுத்தக் கூடியவை. முதுமையில் மனச்சோர்வு கண்ணீராக வெளிப்படாது எரிச்சலாக வெளிப்படலாம். தைரொயிட் சுரப்புக் குறைவு மனிதனை மந்தமாக்கும். கீழே விழுந்து தலையில் சிறிதாக அடிபட்டு, வாரங்கள் கழிந்த பின்னர் மூளையைச் சூழக் கசிந்த இரத்தம் நடத்தையை மாற்றலாம். மாற்றம் சில மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் தோன்றியிருந்தால், சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, புதிதாக ஆரம்பித்த மருந்து போன்ற காரணங்களைத் தாமதமின்றித் தேட வேண்டும். அது அவசர நிலை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12.4 வீதத்தினர் அறுபது வயதை எட்டியவர்களாக இருந்தனர். முதியோர் விகிதம் தொடர்ந்து உயர்ந்து வருவதால் இது எந்தவொரு வீட்டுக்கும் அந்நியமான விடயமன்று.

இத்தகைய நிலையில் வைத்தியரிடம் செல்லும்போது முதியவரைத் தனியே அனுப்புவது பயன் தராது. மேற்கூறிய மூளைத் தேய்வு நோயில், தான் மாறிவிட்டதை நோயாளியே உணர்வதில்லை. கேட்டால், தனக்கு ஒன்றுமில்லை என்று தெளிவாகவே பதிலளிப்பார். பத்து நிமிடங்கள் பேசும் வைத்தியருக்கு அவர் முன்பு எப்படியிருந்தார் என்பதும் தெரியாது. எனவே உடன் வாழ்பவர் சென்று, அவர் பத்தாண்டுகளுக்கு முன்னர் எத்தகையவர், மாற்றம் எந்த மாதத்தில் முதலில் கண்ணில் பட்டது, படிப்படியாக வந்ததா அல்லது ஒரே வாரத்தில் வந்ததா, அக்காலத்தில் விழுந்தாரா, எந்த மருந்து புதிதாகச் சேர்க்கப்பட்டது என்பவற்றை எடுத்துரைக்க வேண்டும். முன்கூட்டியே ஒரு தாளில் திகதியுடன் எழுதிக்கொண்டு செல்வது நல்லது. நோயாளியின் முன்னிலையில் இவற்றைக் கூறுவது சங்கடமாக இருந்தால், அத்தாளை வைத்தியரிடம் கையளித்தாலே போதுமானது.